ஹீற்றர் காலத்து மூக்கு: சில குறிப்புகள்

நவம்பர் நடுப்பகுதியில் ரொறன்ரோவின் ஸ்காபரோ வீடுகளில் ஃபேர்னஸ் ஓயாமல் ஓடத் தொடங்கும். அதன்பின் இரண்டு மூன்று கிழமைக்குள் தொலைபேசி அழைப்புகள் வரும். "அக்கா, காலமை எழும்பிப் பாத்தா பிள்ளையிட தலையணையெல்லாம் ரத்தம். மூக்கால வந்திருக்கு. என்ன செய்யிற?" ஊரிலிருந்து புதிதாக வந்த தாய்மார் நடுங்கிப்போகிறார்கள். ஊரில் ஒருநாளும் மூக்கால் ரத்தம் வராத பிள்ளைக்கு இங்கே வாரத்துக்கு இரண்டு தரம் வந்தால், பெற்ற மனம் ரத்தப் புற்றுநோய் வரை போய்த்தான் திரும்பும்.

அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்புகள். பெரும்பாலான வீடுகளில் பிள்ளையின் ரத்தம் நன்றாகவே இருக்கிறது. வீட்டுக் காற்றில் தண்ணீர் போதாது. வைத்தியம் காற்றில் தொடங்க வேண்டும்.

*

கணக்கு ஒன்று. குளிர்ந்த காற்றுக்குத் தண்ணீரைத் தாங்கும் சக்தி குறைவு. 0 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் வைத்திருக்கும். மறை 10 பாகையில் 2 கிராமுக்குச் சற்று மேல். மறை 20 பாகையில் 1 கிராம் அளவுதான். அந்தக் காற்றுத்தான் கதவிடுக்காலும் யன்னலிடுக்காலும் வீட்டுக்குள் வருகிறது. ஃபேர்னஸ் அதை 21 பாகைக்குச் சூடாக்குகிறது. சூடாக்குகிறதே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை. 21 பாகைக் காற்று 18 கிராம் வரை தாங்கும். வெளியே மறை 10 பாகையென்றால் அதில் இருப்பதோ 2 கிராமுக்குச் சற்று மேல். ஈரப்பதன் 12 சதவீதம் அளவில் வந்து நிற்கும். நாங்கள் மூச்சுவிடுவதாலும் சமைப்பதாலும் குளிப்பதாலும் அது கொஞ்சம் ஏறும். ஏறியும் பல வீடுகளில் 20 சதவீதத்தைத் தாண்டாது.

இப்போது மட்டக்களப்பை நினைத்துப் பாருங்கள். மார்கழியில், 26 பாகையில், 80 சதவீத ஈரப்பதன் என்று வைத்துக்கொண்டால் ஒரு கனமீற்றர் காற்றில் 19 கிராம் தண்ணீர் இருக்கும். அந்தக் காற்றில் வளர்ந்த மூக்கு இந்தக் காற்றுக்கு வந்தால் என்ன பாடுபடும்!

*

ரொறன்ரோ மாநகர விதிப்படி குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்கு வீட்டுக்காரர் குறைந்தது 21 பாகை வெப்பம் கொடுக்க வேண்டும். இது குளிரில் யாரும் விறைக்கக்கூடாது என்பதற்காக வந்த நல்ல விதி. ஆனால் குளிருக்குப் பயந்த எங்கள் சனம் 24, 25 என்று ஏற்றிவைக்கிறது. ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அதே காற்று இன்னும் காய்கிறது. இரவில் 19, 20 பாகைக்கு இறக்கிவிட்டு ஒரு போர்வை கூடப் போட்டுப் படுப்பது மூக்குக்கு நல்லது. காசும் மிச்சம். கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில் மட்டும் அவர்களின் அறை குளிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

"உடம்புச் சூடு" என்றுதான் மட்டக்களப்பில் என் பாட்டி, எங்கள் பெத்தா, சொல்லுவா. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கு மூக்கால் ரத்தம் வந்தாலும் அதுதான் தீர்ப்பு. "வெயிலுக்க விளையாடாத மனே, சூடேறித்து" என்று தலையில் தண்ணீர் வார்ப்பா. கனடாவுக்கு வந்த முதியவர்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம். வெளியே பனி கொட்டுகிறது, பிள்ளைக்கு எப்படிச் சூடு பிடிக்கும்?

கச்சான் எப்படி வருகிறது என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து மலைநாட்டில் மோதி, மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது சூடேறி, காய்ந்த காற்றாக மட்டக்களப்புக்கு வருகிறது. கனடாவில் அல்பேர்ட்டா மாகாணத்தில் வீசும் சினூக் காற்றும் இதே முறையில், றொக்கி மலைகளைக் கடந்து காய்ந்து இறங்குவதுதான். ஸ்காபரோ வீட்டில் அந்த வேலையை நிலவறையில் நிற்கும் ஃபேர்னஸ் செய்கிறது.

பெத்தா கண்டது சரி. சூடான காய்ந்த காற்று வரும்போதுதான் மூக்கு உடைகிறது. சூடு உடம்புக்குள்ளே இருக்கிறது என்றதைத்தான் திருத்திக்கொள்ள வேண்டும். அது காற்றில் இருக்கிறது.

*

மூக்கின் வேலை சாதாரண வேலை இல்லை. ஒரு நாளைக்கு 10,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்று எங்களுக்குள் போய் வருகிறது. அவ்வளவையும் நுரையீரலுக்கு ஏற்றபடி சூடாக்கி, ஈரமாக்கி, தூசி வடிகட்டிக் கொடுப்பது மூக்குத்தான். அதற்காகத்தான் உட்தோலுக்கு அடியில் அத்தனை ரத்தக் குழாய்கள்.

இரண்டு துவாரங்களுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரின் முன்பகுதியில், விரல்நுனி எட்டும் தூரத்தில், பல நாடிகளின் கிளைகள் ஒன்றுகூடி வலைபோலப் பின்னிக் கிடக்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்க அறுவை வைத்தியர் ஜேம்ஸ் லிற்றில் 1879இல் அதைப்பற்றி எழுதினார். ஜெர்மானியர் வில்ஹெல்ம் கீசல்பாக் 1884இல் எழுதினார். இன்றைக்கும் வைத்தியர்கள் அந்த இடத்தை இவர்களின் பெயராலேயே சொல்கிறார்கள். மூக்கால் ரத்தம் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது இங்கிருந்துதான் வருகிறது.

உள்ளே போகும் காற்று முதலில் அடிக்கும் இடமும் அதுதான். காற்று காய்ந்திருந்தால் அங்குள்ள மெல்லிய தோல் ஈரம் இழந்து, ஆவணியில் வற்றிய குளத்துச் சேறுபோல வெடிக்கிறது. மேலே பொருக்குக் கட்டுகிறது. பொருக்கு அரிக்கிறது, பிள்ளை விரலை விடுகிறது, பொருக்கோடு சேர்ந்து கீழேயுள்ள குழாயும் கிழிகிறது. மறுநாள் அதே இடத்தில் புதுப் பொருக்கு. ஒரு தரம் வந்தால் அந்தக் கிழமை முழுக்க வருவது இதனால்தான்.

*

ரத்தம் வரும்போது செய்ய வேண்டியது. இதைத் தனிக் கடதாசியில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டலாம்.

கதிரையில் நிமிர்ந்து இருக்கவிட்டு, தலையைச் சற்று முன்னால் குனியச் செய்யுங்கள். சின்னப் பிள்ளையென்றால் மடியில் இருத்தலாம்.

மூக்கின் கீழ்ப்பாதி, எலும்பு முடிந்து மெத்தென்று இருக்கும் பகுதி. அதைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். ஒரு பக்கத்தால்தான் வருகிறது என்றாலும் இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

வாயால் மூச்சு. வாய்க்குள் வரும் ரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள்.

மணிக்கூட்டைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம். இடையில் விட்டுப் பார்க்கக்கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் "நிண்டுட்டுதா?" என்று விரலை எடுத்தால் உறையத் தொடங்கிய ரத்தம் கலைந்துவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு கதை சொல்லுங்கள், அல்லது பிடித்த காட்டூனைப் போட்டுவிடுங்கள். 10 நிமிடம் நீண்ட நேரம்தான்.

நின்ற பிறகு அன்றைக்கு மூக்கைச் சீறக்கூடாது, குனிந்து பாரம் தூக்கக்கூடாது, சுடச்சுடக் குடிக்கவும் வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும்.

*

எங்கள் வீடுகளில் செய்பவை, பெரும்பாலும் விடவேண்டியவை.

தலையை அண்ணாந்து பிடிப்பதும் மல்லாக்கப் படுக்கவைப்பதும். எல்லா வீட்டிலும் நடப்பது இதுதான், கூடிய கெடுதலும் இதில்தான். ரத்தம் நிற்பதில்லை, தொண்டைப் பக்கமாகத் திரும்பி வயிற்றுக்குப் போகிறது. வெளியே வராததால் நின்றுவிட்டது என்று நினைக்கிறோம். வயிற்றுக்குப் போன ரத்தம் குமட்டும். அரை மணித்தியாலத்தில் பிள்ளை கோப்பித்தூள் நிறத்தில் சத்தி எடுக்கும்போது வீடு முழுக்க அலறும்.

நெற்றியிலும் பிடரியிலும் பச்சைத் தண்ணீர் வைப்பது. தீங்கில்லை. ஐஸ் ஒத்தடமும் அப்படித்தான். ஆனால் ஐஸ் எடுக்க ஓடும் நேரத்தில் மூக்கைப் பிடிக்கும் கை விடுபடக்கூடாது.

பஞ்சையோ ரிஷ்யுவையோ உருட்டி மூக்குக்குள் திணிப்பது. இழுத்து எடுக்கும்போது உறைந்த ரத்தத்தையும் சேர்த்தே இழுக்கும், மறுபடி தொடங்கும்.

வெங்காயத்தை வெட்டி முகர்வது, எலுமிச்சம் சாறு, அறுகம்புல் சாறு, கொத்தமல்லி இலைச் சாறு முதலியவற்றை மூக்குக்குள் சொட்டுசொட்டாக விடுவது. காயம்பட்ட தோலில் புளிப்பும் காரமும் எரிச்சலைத்தான் கூட்டும். பச்சை இலைச் சாற்றில் கிருமி இல்லையென்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நெல்லிக்காயும் மோரும் வெள்ளரிக்காயும் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கொடுங்கள். அவை வயிற்றுக்குப் போகட்டும், மூக்குக்குள் வேண்டாம்.

*

ரத்தத்தின் அளவு கண்ணை ஏமாற்றும். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், வெள்ளைத் தலையணை உறையில் ஊறிப் பரவினால் பெரிய காயம்போலத் தெரியும். தண்ணீரோடு கலந்து பேசினில் ஓடினால் இன்னும் பயங்கரம். தாய் பயந்தால் பிள்ளை பயப்படும். பிள்ளை அழுதால் முகத்துக்கு ரத்தம் கூடப் பாயும், நிற்கும் ரத்தமும் நிற்காது. முதல் மருந்து தாயின் முகத்தில் இருக்கும் அமைதி.

*

ஈரப்பதன் மானி என்று ஒரு சின்னக் கருவி. சாமான் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. பிள்ளை படுக்கும் அறையில் வையுங்கள். எண் 30க்குக் கீழே நின்றால் மூக்குக்குக் கஷ்டம். 30 முதல் 50 வரை நல்லது. வெளியே கடுங்குளிர் அடிக்கும் நாட்களில் 30, 35 போதும். அதற்குமேல் ஏற்றினால் யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், மூலைகளில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் ஆஸ்துமாக்காரருக்கு எதிரி. மூக்கைக் காப்பாற்றப்போய் நெஞ்சைக் கெடுக்கக்கூடாது. காலையில் யன்னல் கண்ணாடி நனைந்திருந்தால், காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியுமிடிஃபயரைக் கொஞ்சம் குறைத்துவைக்க வேண்டும்.

*

ஹியுமிடிஃபயர் வாங்குபவர்களுக்கு.

சொந்த வீடு, ஃபேர்னஸ் உண்டு என்றால், அதோடு பொருத்தும் வகை முழு வீட்டுக்கும் போதும். பலர் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீர்க் குழாய் பூட்டியபடியோ, உள்ளே ஈரம் பிடிக்கும் பாட் சுண்ணாம்பு கட்டியபடியோ சும்மா கிடக்கிறது. பருவத்துக்கு ஒருதரம் பாட்டை மாற்றிக் குழாயைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அடுக்குமாடியில், அல்லது பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மேசையில் வைக்கும் கருவி. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் குளிர்ந்த புகார் விடும் வகைதான் நல்லது. கொதிநீராவி விடும் கருவியைப் பிள்ளை இழுத்துக் கொட்டினால் மூக்கு வருத்தத்தைவிடப் பெரிய வருத்தமாகிவிடும்.

அல்ட்ராசோனிக் வகையில் குழாய்த் தண்ணீர் விட்டால் அதிலுள்ள உப்புகள் வெள்ளைத் தூளாக மேசையெல்லாம் படியும், மூச்சோடும் போகும். காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்ரில்ட் வோட்டர்) விடுங்கள்.

எந்த வகையென்றாலும் தண்ணீரைத் தினமும் மாற்றி, மூன்று நாளைக்கு ஒருதரம் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சுண்ணாம்புக்கு வெள்ளை வினாகிரி போதும். கழுவாத கருவி கிருமியைக் காற்றில் தெளிக்கும் கருவி. கழுவ நேரமில்லாதவர் அதை வாங்காமல் இருப்பதே மேல்.

*

காசு செலவில்லாதவை. கழுவிய உடுப்பை ட்ரையரில் போடாமல் படுக்கையறையில் கம்பியில் விரித்துக் காயவிடலாம். ஒரு கூடை ஈர உடுப்பு ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுக்கும். குளித்து முடித்ததும் குளியலறைக் கதவைத் திறந்துவிடலாம். பழைய கட்டடங்களில் றேடியேற்றர் இருந்தால் அதன்மேல் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைக்கலாம், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி.

புட்டும் இடியப்பமும் அவிக்கும் வீட்டுக்கு ஒரு வசதி உண்டு. அந்த ஆவி வீட்டுக்குள்ளேயே நிற்கட்டும். கறி தாளிக்கும்போதும் மீன் பொரிக்கும்போதும் மட்டும் ஃபானைப் போடுங்கள், புகை போக வேண்டும். காஸ் அடுப்பு வைத்திருப்பவர்கள் எந்நேரமும் ஃபானைப் போட்டபடிதான் சமைக்க வேண்டும். அந்தச் சுவாலையிலிருந்து வருவது நுரையீரலுக்கு ஆகாது.

*

உப்புநீர். மூக்குக்குள் ஈரம் வைத்திருக்க இதைவிட எளிய, பத்திரமான மருந்து இல்லை. மருந்துக்கடையில் மூக்குக்கான சலைன் ஸ்பிரே, ஜெல் இரண்டும் மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். நாளுக்கு இரண்டு மூன்று தரம் அடிக்கலாம். வெறும் உப்புநீர் என்பதால் பழக்கமாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

வீட்டில் செய்வதென்றால் ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு. 250 மில்லிலீற்றர் கோப்பைக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக. அயடீன் சேர்க்காத உப்பாக இருக்கட்டும். தண்ணீரைக் குறைந்தது ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும், அல்லது காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்க வேண்டும். ஒருநாளுக்குமேல் வைத்திருக்கக்கூடாது.

குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதானே, மூக்குக்கு ஏன் ஆகாது என்று கேட்கிறார்கள். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்குக் கழுவிய இரண்டு பேர் இறந்துபோனார்கள். நெக்லேரியா என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனதுதான் காரணம். மிக மிக அரிது. ஆனால் ஒரு நிமிடக் கொதியில் இல்லாமல் போகும் ஆபத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்?

*

எண்ணெய் பற்றி இரண்டு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்குக்குள் எண்ணெய் விடும் வழக்கம் எங்கள் சனத்திடம் இன்னும் இருக்கிறது, கடல் தாண்டியும் வந்திருக்கிறது. மூக்குக்குள் விட்ட எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். தண்ணீரென்றால் புரையேறி இருமி வெளியே தள்ளுவோம். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே இறங்கிவிடும். அங்கே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். அதைக் குழந்தை வைத்தியர்கள் நன்றாக அறிவார்கள், அஞ்சுவார்கள். கைக்குழந்தையின் மூக்குக்குள் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஒரு சொட்டும் விடவேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதை மரியாதையாக, ஆனால் விடாமல் எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள்.

பூசுவது வேறு. பெரிய பிள்ளைகளுக்கும் வளர்ந்தோருக்கும் வாஸ்லினைப் பச்சைப் பயறளவு எடுத்து, துவாரத்தின் உள்விளிம்பில், நடுச்சுவரின் பக்கமாக மெல்லப் பூசிவிட்டு, வெளியே மூக்கை மெதுவாக அமத்திவிட்டால் தானாகப் பரவும். படுக்கப்போவதற்குச் சற்று முன்னரே பூசுங்கள். கொட்டன் பட்ஸை ஆழமாக விடவேண்டாம், அதுவே காயப்படுத்தும். ஒரு கிழமை, இரண்டு கிழமை பூசிப் புண் ஆறியதும் நிறுத்தலாம். பருவம் முழுக்கத் தேவைப்படுபவர்கள் சலைன் ஜெல்லுக்கு மாறுவது நல்லது. வீட்டில் ஒட்சிசன் குழாய் போட்டிருக்கும் நோயாளிகள் வாஸ்லின் பூசவே கூடாது, தீப்பற்றும் ஆபத்து உண்டு.

*

நகம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளையின் நகத்தை வெட்டுங்கள். ஏசுவதால் மூக்குத் தோண்டும் பழக்கம் நிற்காது, அரிப்பு நின்றால்தான் நிற்கும். அரிப்புக்குக் காரணம் பொருக்காக இருக்கலாம், தூசி ஒவ்வாமையாகவும் இருக்கலாம். ஃபேர்னஸ் ஃபில்ற்றரை மாற்றினீர்களா என்று பாருங்கள். வீட்டுக்குள் புகைப்பவர் இருந்தால் அவரிடம் பேசுங்கள்.

*

ஒவ்வாமைக்கு மூக்கு ஸ்பிரே பாவிப்பவர்களில் சிலருக்கு மூக்கால் ரத்தம் வரும். பல தடவை பிழை மருந்தில் இல்லை, பிடிக்கும் பக்கத்தில் இருக்கிறது. வலது கையால் இடது துவாரத்துக்கும், இடது கையால் வலது துவாரத்துக்கும் அடியுங்கள். நுனி நடுச்சுவரை நோக்காமல், அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சரியட்டும். மூக்கடைப்புக்கு அடிக்கும் மருந்து ஸ்பிரேக்களை மூன்று நாளுக்குமேல் பாவிக்கக்கூடாது. அடைப்பு முன்னையதைவிட மோசமாகத் திரும்பும்.

*

முதியவர்கள். பத்து வயதுக்குட்பட்டோருக்கும் ஐம்பதைத் தாண்டியோருக்கும்தான் மூக்கால் ரத்தம் கூடுதலாக வருகிறது. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முன்பக்கத்து ரத்தம், பிடித்தால் நிற்கும். முதியவர்களுக்குச் சிலவேளை மூக்கின் பின்பகுதியிலிருந்து, பெரிய நாடியிலிருந்து வரும். முன்னால் பிடித்தாலும் தொண்டையால் இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வார்ஃபரின், அபிக்சபான் எடுப்பவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமெடுக்கும். பயந்து அந்தக் குளிசையைத் தாங்களாக நிறுத்துவோர் உண்டு. நிறுத்த வேண்டாம். மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் காவலாகக் கொடுத்த மருந்து அது. வைத்தியரிடம் கேளுங்கள், மீன் எண்ணெய்க் குளிசை எடுப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தம் மூக்கை உடைக்கிறதா என்பதில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அழுத்தம் கூடியிருந்தால் நிறுத்துவது கஷ்டமாகலாம். மூக்கால் ரத்தம் வந்த அன்றைக்கு அழுத்தம் கூடிக் காட்டினால் பயத்தாலும் இருக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்து, ஆறுதலாக இருந்து அளந்து பாருங்கள்.

*

மார்கழி விடுமுறைக்குக் கொழும்புக்குப் பறப்பவர்களுக்கு ஒரு வரி. விமானத்துக்குள் ஈரப்பதன் 10 முதல் 20 சதவீதம்தான். ஏறுவதற்கு முன் சலைன் ஜெல் பூசி, சின்ன ஸ்பிரே ஒன்றைக் கைப்பையில் வையுங்கள்.

*

எல்லாம் காற்றின் குற்றம் என்று விடவும் முடியாது. ஈரப்பதனைச் சரிசெய்து, உப்புநீரும் வாஸ்லினும் பாவித்து, சில கிழமை கழித்தும் நிற்காவிட்டால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைக்குச் சும்மா பட்டாலே கன்றிப்போகிறதா? பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காமல் போனதுண்டா? பல் துலக்கும்போது முரசால் ரத்தம் வருகிறதா? தாய்க்கோ சித்திக்கோ அக்காவுக்கோ மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போகிறதா?

இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஓம் என்றால் ரத்தம் உறைதலில் பிறவிக் குறை இருக்கலாம். அவற்றுள் பரவலானது வொன் வில்பிராண்ட் நோய். பின்லாந்து வைத்தியர் எரிக் வொன் வில்பிராண்ட் 1926இல் ஓலாண்ட் தீவுக் குடும்பமொன்றில் கண்டு எழுதியது. எங்களில் பல பெண்கள் "எங்கட குடும்பத்தில எல்லாருக்கும் இப்பிடித்தான்" என்று மாதம்தோறும் தாங்கிக்கொள்கிறார்கள். மகளின் மூக்கு ரத்தம் தாயின் நோயையும் காட்டிக்கொடுக்கலாம். சொந்தத்துக்குள் கலியாணம் செய்த குடும்பங்களில் இன்னும் சில அரிய உறைதல் குறைகள் வரக்கூடும். அந்த உறவையும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், அதில் வெட்கமில்லை.

இன்னொன்று, எச்.எச்.ரி. என்ற பரம்பரை நோய். ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு. ரத்தக் குழாய்களின் சுவர் மெலிந்திருக்கும். உதட்டிலும் நாக்கிலும் விரல்நுனியிலும் சின்னச் சிவப்புப் புள்ளிகள், அடிக்கடி மூக்கால் ரத்தம், பெற்றோரில் ஒருவருக்கும் அதே கதை என்றால் சந்தேகிக்க வேண்டும். ரொறன்ரோ செயின்ற் மைக்கல்ஸ் வைத்தியசாலையில் இதற்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது.

*

ஒரே பக்கத்தால் மட்டும் திரும்பத் திரும்ப வருவதை அசட்டை செய்ய வேண்டாம். மூன்று நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கத்தால் நாற்றமான சளியோடு ரத்தம் வந்தால் உள்ளே மணியோ கச்சான் கொட்டையோ இருக்கலாம். பொத்தான் பற்றரி போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஒரு மணித்தியாலமும் காத்திருக்கக்கூடாது, அது தசையை எரிக்கும். பதின்வயது ஆண்பிள்ளைக்கு ஒரு பக்கம் அடைப்பும் அதே பக்கம் ரத்தமும் என்றால் மூக்கின் பின்னால் வளரும் ஒரு கட்டியாக இருக்கலாம். புற்றுநோயல்ல, ஆனால் காதுமூக்குத்தொண்டை வைத்தியர் பார்த்தே ஆகவேண்டும்.

*

எப்போது உடனே போக வேண்டும்? இடைவிடாமல் 15 நிமிடம் பிடித்தும் நிற்காவிட்டால். தொண்டையால் ரத்தம் இறங்கிக்கொண்டே இருந்தால். விழுந்தோ அடிபட்டோ வந்திருந்தால். தலைசுற்றல், முகம் வெளிறல், மூச்சுத் திணறல் இருந்தால். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவராயிருந்து வேகமாக நிற்காவிட்டால். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வந்தால், அது நின்றாலும் காட்டத்தான் வேண்டும். அந்த வயதில் அது வழமையில்லை.

மயக்கமோ மூச்சுத் திணறலோ என்றால் 911. அவசரமில்லை, ஆனால் மனம் ஆறவில்லை என்றால் ஒன்ராறியோவில் 811. எந்நேரமும் ஒரு தாதி பேசுவார். ஆங்கிலம் வராது என்று தயங்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

*

வைத்தியர் என்ன செய்வார் என்று பயப்படுபவர்களுக்கு. வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். கிழிந்த குழாய் கண்ணுக்குத் தெரிந்தால் மரக்கச்செய்து, சில்வர் நைற்றேற் பூசிய குச்சியால் அந்த இடத்தைத் தொட்டுப் பொசுக்கிவிடுவார். கொஞ்சம் எரியும், சில விநாடிதான். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பெரும்பாலும் செய்யமாட்டார்கள். நடுச்சுவருக்கு இரு பக்கத்து ரத்த ஓட்டமும் வேண்டும், இரண்டையும் ஒன்றாகப் பொசுக்கினால் சுவரில் ஓட்டை விழலாம். வீடு திரும்பிய பிறகும் காற்றின் ஈரத்தைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் புதிய இடத்தில் தொடங்கும்.

*

தண்ணீர் நிறையக் குடித்தால் போதுமா என்று கேட்கிறார்கள். குடியுங்கள், குளிரில் தாகம் தெரியாமல் பலர் குடிப்பதேயில்லை. ஆனால் வயிற்றுக்குள் போகும் தண்ணீர் மட்டும் மூக்கின் முன்விளிம்பைக் காப்பாற்றாது. அங்கே ஈரம் வெளியிலிருந்தும் வரவேண்டும்.

*

இதை வாசிப்பவர்கள் இந்தக் கிழமையே மூன்று வேலை செய்யுங்கள். படுக்கையறையில் ஓர் ஈரப்பதன் மானியை வையுங்கள். மருந்துக்கடையில் ஒரு சலைன் ஜெல் வாங்கிவையுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும், பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மா அப்பப்பாவுக்கும், முன்னால் குனிந்து மூக்கின் கீழ்ப்பாதியைப் பதினைந்து நிமிடம் பிடிப்பது எப்படி என்று செய்துகாட்டுங்கள். பக்கத்து வீட்டில் புதிதாக வந்த குடும்பம் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். முதல் பனிக்காலத்தில் யாராவது சொல்லித்தந்தால்தான் தெரியும்.